ஊவா மலைகளிற் கல்லும் கதையும்

ஊவாவின் முகடுகளைக் கண்ட மாணவர் சிலர், இவை எரிமலைகள் கக்கிய பாறைகளோ என எம்மை வினவினர். அல்ல. நம் மலைநாட்டில் எரிமலை எதுவும் இல்லை. இப்பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் ஆழத்திலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் கூறுகளாய் இணைந்திருந்த காலமுண்டு. மலைநாட்டிற் காணப்படும் சார்னொக்கைற்று என்னும் பாறை, சென்னையை அடுத்த பரங்கிமலையிலும் உண்டு. கல்கத்தாவிலுள்ள யோப் சார்னொக்கு என்பாரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹொலண்டு என்னும் அறிஞரே 1893 ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரை இட்டார். கடல் கடந்து இத்தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், தம் நாட்டுக் கல்லின் உறவையே இங்கும் மிதித்தனர் எனலாம்.

பதுளையிலிருந்து புத்துருவகல வரை ஒரு நாட் பொழுதிற் சென்று மீண்டோம். பண்டாரவளை வீதியிலுள்ள தோவ விகாரையில், பாறையிற் செதுக்கப்பெற்று முற்றுப்பெறாது நிற்கும் புத்தர் உருவம் ஏறத்தாழ 38 அடி உயரமானது. பகைவருக்கு ஒளிந்திருந்த வலகம்பா மன்னன் அதனைச் செய்வித்தான் என்பது ஊரார் கதை. எல்லவிலோ இராவணன் பெயரே எங்கும் ஒலிக்கின்றது. குகையிற் சீதையை மறைத்து வைத்தான் என்றும், அங்கிருந்து சுரங்க வழிகள் பல செல்கின்றன என்றும் கூறுவர். வான்மீகியார் கூறும் சிறை அசோகவனமேயன்றி இக்குகை அன்று. எனினும், நூல் கூறாததை ஊர் கூறும்போது ஊரைப் பழித்தல் தகாது.

வெல்லவாயவுக்குத் தெற்கேயுள்ள புத்துருவகலவில் நெடுநேரம் நின்றோம். ஒரே பாறை முகத்தில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் 51 அடி. ஒருபுறத்தில் அவலோகிதேசுவரர் வெண்சாந்தின் எச்சத்தோடு விளங்க, அவரருகே தாரை நிற்கின்றாள். மறுபுறத்து மூவருள் ஒருவரின் கையில் வச்சிரம் உண்டு. இவை 9 ஆம், 10 ஆம் நூற்றாண்டளவின என்பர். தேரவாத நாடெனப் பெயர்பெற்ற இத்தீவில் மகாயானமும் ஒருகாலத்திற் செழித்திருந்தது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. புத்தரின் பாதத்தருகே சுடர் வடிவிலமைந்த ஒரு குழியில் கடுகெண்ணெய் மணம் கமழும் ஈரம் கசியும் என்பர். மாணவர் ஒவ்வொருவராய் முகர்ந்து பார்த்தனர். ஒருமித்த தீர்ப்பு எட்டப்படவில்லை!

மீளும் வழியில் தேயிலை மலையொன்றில், மரத்தடியில் நட்டிருந்த முழ உயரக் கல்லொன்றைக் கண்டோம். உளி படாத கல். மஞ்சளும் குங்குமமும் பூசப்பெற்றிருந்தது. கவ்வாத்துச் சாமி என்றனர். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கத்தியை அதன்முன் வைத்து வணங்குவது வழக்கமாம். தொழிற்சாலைச் சக்கரங்களைக் காக்கும் ரோதை முனியும் இவ்வினத்தவரே. தேயிலையோடு தோன்றிய இத்தெய்வங்கள் எந்தப் புராணத்திலும் இல்லை.

சொரபொரவிற் கண்டெடுக்கப்பட்டுப் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட 10 ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, சந்தை வணிகரை அதிகாரிகள் வருத்தியமைக்கு எதிராக அரசன் விதித்த விதிகளை இன்றும் உரைக்கின்றது. அதற்கு எழுத்து உண்டு. படித்துரைக்க அறிஞர் கிடைத்தனர். தோட்டத்துக் கல்லுக்கு நினைவே எழுத்து. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. அதன்வழிச் சென்ற குடும்பங்கள் பல நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிற் குடியேறின. கற்கள் இங்கே நின்றுவிட்டன. யாம் கண்ட கல்லை நட்டவர் யார், எவ்வூரார் என வினவியபோது, தம் பாட்டன் அறிவார் என்றார் ஒரு முதியவர்.

தோட்டங்களிலிருந்து வந்து இக்கல்லூரியிற் பயின்ற பழைய மாணவர், தத்தம் தோட்டத்துக் கல்லின் பெயர், பூசைநாள், அதனை நட்ட குடும்பத்தாரின் ஊர் ஆகியவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி அனுப்புவாராக. கல்லூரி நூலகத்தில் அவற்றுக்கென ஓர் ஏடு திறக்க எண்ணியுள்ளோம்.