தெற்கே கட்டினால் வடக்கே கரையும்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சிவிலைசேஷன் 6 ஆட்டத்தில் உன் கடலோர நகரம் கம்பீரமாகத்தான் நிற்கிறது. துறைமுகம் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது, சதுப்பைத் தூர்த்து எழுப்பிய தொழிற்பேட்டையும் இருக்கிறது. மக்கள்தொகை மட்டும் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

முதலில் தண்ணீரைப் பார். ஆற்றங்கரையில் ஊன்றிய நகரத்துக்கு, மக்கள்தொகை ஏற இடம்தரும் குடியிருப்பு ஆரம்பத்திலேயே 5 கிடைக்கும். வெறும் கடலோரம் என்றால் 3தான். அடுத்தது அந்தச் சதுப்பு. தூர்த்த அன்று உணவு மொத்தமாக வந்திருக்கும், நீயும் மகிழ்ந்திருப்பாய். ஆனால் முறைதோறும் வரவேண்டிய உணவு அன்றோடு நின்றது. தொழிற்பேட்டை எழும்பிய கட்டத்தில் பயிர் ஏது? அடுத்த ஆட்டத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஊரை ஊன்று, சதுப்பை விட்டுவை, தொழிற்பேட்டையைச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் போடு.

இவ்வளவும் ஆட்டமே கற்றுத்தரும். அது கற்றுத்தராத ஒன்றை, திருவொற்றியூர்க்காரனாக நான் சொல்லியாக வேண்டும். உன் ஆட்டத்தில் மணல் நகராது.

நம் கரையில் மணல் ஓர் ஆறு மாதிரி. வருஷத்தில் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழையில் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1870களின் பின்பாதியில் இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். தெற்கே தடைபட்டுத் தேங்கிய மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம். கிழக்கு நோக்கிய வாசலையும் மணல் அடைத்தது. துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் வாசல் வைத்தார்கள்.

மெரினாவுக்குச் சேர்ந்த மணல், துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் எங்களுக்கு வரவேண்டியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊருக்குள் ஏறியது. என் அப்பா வலை உலர்த்திய மணல்மேடு இன்று தண்ணீருக்கடியில் இருக்கிறது. கரையெங்கும் கருங்கல் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ஒரு வளைவு தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்துக்கொள்ளும், வடக்குப் பக்கத்தைப் பட்டினி போடும். அதனால் அடுத்த குப்பத்துக்கும் ஒன்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தானே? 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்த பிறகு அரிப்பு காட்டுப்பள்ளிப் பக்கமும் போனது.

எண்ணூர் முகத்துவாரமும் உன் சதுப்பு மாதிரிதான். பூண்டி ஏரியிலிருந்து திறக்கும் உபரிநீர் கொசஸ்தலை ஆறாக வந்து அங்கேதான் கடலைச் சேரும். இறாலும் நண்டும் அங்கேதான் வளரும். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் கசிந்த இடமெல்லாம் சாம்பல் படிந்து ஆறு மேடாகிவிட்டது. ஆழம் போனால் இறாலும் போகும், வெள்ளம் வடியும் வழியும் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. வலையும் படகும் கறுத்ததைக் கண்ணால் பார்த்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு வா. விடியற்காலையில் ஒரு தூண்டில் வளைவின் மேல் ஏறி நிற்கலாம். இரண்டு பக்கமும் கடல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நீயே காலடியால் அளந்து பார்.

அன்புடன்,
மாமா