31 மதிப்பெண்ணும் ஒரு பழைய டைரியும்



புத்தாண்டுச் சிறப்பிதழுக்கு "சென்ற ஆண்டும் வரும் ஆண்டும்" என்று தமிழ் அம்மா தலைப்பு கொடுத்தார்கள். வீட்டிற்குப் போய் போன வருட டைரியைத் தேடி எடுத்தேன். ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. முதல் பக்கத்தில் "தினமும் 4 மணிக்கு எழுந்திருப்பேன், டி.வி. பார்க்க மாட்டேன், கணக்கில் 100 வாங்குவேன்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஜனவரி 9க்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் அம்மா பால் கணக்கு எழுதியிருக்காங்க.

ஜனவரி என்ற பெயர் ரோமானியர்களின் ஜேனஸ் என்ற கடவுளிடமிருந்து வந்தது. அவருக்கு இரண்டு முகம். ஒன்று பின்னால் பார்க்கும், ஒன்று முன்னால் பார்க்கும். நான் முன்னால் மட்டும் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. அதனால் இந்த முறை பின்னால் பார்த்தேன். அதாவது, அரையாண்டுக் கணக்கு விடைத்தாளை எடுத்தேன். அதில் நான் வாங்கியது 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

விட்ட 69 மதிப்பெண் எங்கே போனது என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். தெரியாமல் விட்டது 29. நேரம் போதாமல் விட்டது 21, இதில் வடிவியல் வினாவின் 8ம் அடக்கம். மீதி 19 தெரிந்தே விட்டது! கூட்டல் குறியைக் கழித்தலாக எழுதியது, வினாவில் இருந்த எண்ணை மாற்றி எழுதியது, வரைபடத்தில் அளவுத்திட்டம் போடாதது. அந்த 19ஐ மட்டும் விடாமல் இருந்தால் 50 வந்திருக்கும். இதை எண்ண எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. ஆனால் விடைத்தாள் கொடுத்த அன்று மடித்துப் பைக்குள் வைத்தவள், பத்து நாள் திறக்கவே இல்லை. பயம்தான், வேறென்ன.

பெஞ்சமின் பிராங்ளின் (1706–1790) என்ற அமெரிக்க அறிஞர் தன்னைத் திருத்திக்கொள்ள 13 நற்பண்புகளைக் குறித்து வைத்தார். ஒரு சிறு நோட்டில் கட்டம் போட்டு, தவறு செய்த நாளில் ஒரு கரும்புள்ளி வைப்பார். வாரத்திற்கு ஒரு பண்பில்தான் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்திற்கு 4 சுற்று. பொருள்களை ஒழுங்காக வைப்பதுதான் அவருக்குக் கடைசிவரை சிரமமாக இருந்ததாம். நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படியென்றால் நம்ம கதை என்ன!

நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன். முதல் வாரம் குறிப்பிழை மட்டும். முதல் நாளே 6 புள்ளி.

இரண்டாவது வேலை, தினமும் ஒரு வடிவியல் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போடலாமே என்று தோழி கேட்டாள். ஜெர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். திரும்பப் படிக்காவிட்டால் ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதனால் தினமும்தான்.

இதை ஏன் இவ்வளவு தீவிரமாக எழுதுகிறேன் என்றால், எங்க அக்கா பத்தாவதில் கணக்கில் மட்டும் போய்விட்டாள். துணைத்தேர்வு எழுதாமலே பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டா. மூன்று வருஷம் ஆச்சு. "நீயும் அங்கதான் வரப்போறியா?"ன்னு அரையாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவை கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

போன வியாழக்கிழமை ராத்திரி தொடுகோடு வரைந்துகொண்டிருந்தேன். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தூரத்தில் புள்ளி. எனக்கு வட்டத்தைத் தொடாமல் வெட்டிக்கொண்டே போனது. ஷிப்ட் முடிந்து வந்த அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "மையத்தையும் புள்ளியையும் சேர்த்து, அதுக்கு மையக்குத்துக்கோடு போடு. நடுப்புள்ளியில காம்பஸ வச்சு இன்னொரு வட்டம் போடு. ரெண்டு வட்டமும் வெட்டுற இடத்துலதான் தொடுகோடு தொடும்" என்றாள். அவளே வாங்கி வரைந்தாள். அளந்து பார்த்தோம், 7.4 செ.மீ. 64இலிருந்து 9ஐக் கழித்து, வரும் 55க்கு வர்க்கமூலம் எடுத்தாலும் அதேதான் வருகிறது.

"உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கே, தனித்தேர்வரா எழுதேன்க்கா" என்றேன். "போடி, எனக்குக் காலையில ஷிப்ட்" என்று படுத்துவிட்டாள். ஆனால் மறுநாள் பார்த்தால் என் நோட்டில் பின்பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருந்தது. என் கையெழுத்து இல்லை. அதில் இதுவரை 2 புள்ளி.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி