உறுதியோ, குத்தகையோ, மாச வாடகையோ? கேம் வாங்க முதல் அக்கா சொல்லுறதைக் கேளுங்கோ

யாழ்ப்பாணத்தில காணி வாங்கப் போறவர் முதல் கேக்கிறது "உறுதி இருக்கோ?" எண்டுதான். எத்தினை பரப்பு, கிணறு நல்ல தண்ணியோ, பாதை எவ்வளவு அகலம் எல்லாம் அதுக்குப் பிறகு. அதே வீட்டுப் பெடியன் இருபதினாயிரம் ரூபா குடுத்து ஒரு கேம் வாங்கேக்க மட்டும் அந்தக் கேள்வி ஒருத்தருக்கும் வாறேல்லை.

என்ர தம்பியும் அப்பிடித்தான். "ஒரு மாசம் பாத்திட்டு நிப்பாட்டுறன் அக்கா" எண்டு என்ர கார்ட்டைப் போட்டு ஒரு சந்தா எடுத்தவன். பிறகு ஓ.எல். சோதனை வந்திட்டுது. கொன்ரோலரில தூசி படிஞ்சு கிடக்க, காசு மாசம் மாசம் போய்க்கொண்டிருந்தது. நாலாம் மாசம் பாங்க் கணக்கைப் பாக்கேக்கதான் எனக்குத் தெரிஞ்சது. அதுக்குப் பிறகு இருந்து படிச்சதைத்தான் உங்களுக்குச் சொல்லுறன்.

1. முதல் இனம் பிரியுங்கோ

டிஸ்க்கில வாங்கினால் அது உறுதி மாதிரி. விளையாடி முடிச்சு விக்கலாம், கூட்டாளிக்கு இரவல் குடுக்கலாம். ஸ்ரீமிலயும் பிளேஸ்ரேசன் ஸ்ரோரிலயும் காசு கட்டி இறக்கிறது நீண்ட குத்தகை. விளையாட அனுமதி உண்டு, விக்க உரிமை இல்லை. நீங்கள் வாங்குறது அனுமதி மட்டும்தான் எண்டு 2024 ஒக்ரோபரில இருந்து ஸ்ரீமே காசு கட்டுற பக்கத்தில எழுதி வைச்சிருக்கு. இப்பிடிச் சொல்லித்தான் விக்கோணும் எண்டு கலிபோர்னியாவில 2025 ஜனவரி முதலாம் திகதியில இருந்து சட்டமும் இருக்கு.

கேம் பாஸ், பிளேஸ்ரேசன் பிளஸ் மாதிரிச் சந்தா எல்லாம் மாச வாடகை. பிளஸ்ஸில மாசாமாசம் "இலவசமாய்" எடுத்து வைச்ச கேமும் சந்தா நிண்டால் பூட்டுப்படும். திரும்பக் கட்டினால்தான் திறக்கும். சந்தா கட்டிக்கொண்டிருக்கேக்கயே கேம் எழும்பிப் போறதும் உண்டு. ஜி.ரி.ஏ. 5 கேம் பாஸுக்குள்ள எத்தினை தரம் வந்து எத்தினை தரம் போனது எண்டு அதை விளையாடின பெடியளைக் கேளுங்கோ.

2. உறுதி இருந்தும் காணி போகலாம்

"த குரூ" எண்ட கார் ஓட்டக் கேம் 2014இல வந்தது. 2024 மார்ச் 31ஆம் திகதி யூபிசொஃப்ற் அதின்ர சேர்வரை நிப்பாட்டினது. தனிய விளையாடுறதுக்கும் சேர்வர் வேணும் எண்டபடியால், டிஸ்க் வைச்சிருந்த ஆக்களுக்கும் அண்டையோட கேம் இல்லை. அதனால வாங்க முதல் பெட்டியில, இல்லாட்டி ஸ்ரோர்ப் பக்கத்தில, "எப்பவும் இன்ரநெற் வேணும்" எண்டு இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் முழு விலை குடுக்காதேங்கோ. கொம்பியூட்டரில விளையாடுற ஆக்கள் ஜி.ஓ.ஜி. தளத்தையும் ஒருக்கா பாருங்கோ. அங்க வாங்கின கேமின்ர இன்ஸ்ரோலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில வைச்சிட்டால் பிறகு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை.

3. டிஸ்க் ஓட்டை இருக்கோ?

வெளிநாட்டில இருந்து மாமா பிளேஸ்ரேசன் 5 அனுப்பப் போறார் எண்டால், டிஸ்க் போடுற மொடலோ எண்டு முதலே கேளுங்கோ. டிஜிற்றல் எடிஷனில அது இல்லை. நின்ரெண்டோ சுவிச் 2க்கு வாற சில கார்ட்டுக்குள்ள கேமே இல்லை, வெறும் திறப்புத்தான். கேமை இன்ரநெற்றில இறக்கோணும். பெட்டியில அதைப் போட்டிருப்பாங்கள், வாசியுங்கோ.

4. மாமா தாற கிஃப்ற் கார்ட்

பிளேஸ்ரேசன் கணக்குத் திறக்கிற நாடுகளின்ர பட்டியலில இலங்கை இல்லை. அதனால எங்கட பெடியள் வேற நாட்டைப் போட்டுத்தான் திறக்கிறாங்கள். விதிப்படி அது சரியில்லை, பிரச்சினை வந்தால் முறையிடவும் கஷ்டம். அப்பிடித் திறந்தவைக்கு ஒண்டு சொல்லுறன்: கனடாவில வாங்கின கார்ட் கனடாக் கணக்குக்குத்தான் ஏறும், இந்தியக் கணக்குக்கு ஏறாது. மாமா காசைக் குடுக்க முதல் உங்கட கணக்கு எந்த நாடு எண்டு சொல்லுங்கோ.

5. டொலர்க் கணக்கு

2022 மார்ச் தொடக்கத்தில டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாசம் 360ஐத் தொட்டது. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டாமலே வாடகை கூடின காலம் அது. பிறகு வீட்டுக்காரரும் கூட்டினவை: 2025 ஒக்ரோபரில கேம் பாஸ் அல்ரிமேற் அமெரிக்காவில மாசம் 19.99 டொலரில இருந்து 29.99 ஆனது. அந்த விலைப்படி 30 டொலரை 300 ரூபாவால பெருக்கினால் மாசம் 9,000, வருசம் 1,08,000. அந்தக் காசுக்கு 20,000 ரூபாப்படி அஞ்சு புதுக் கேம் வாங்கலாம். நீங்கள் ஒரு வருசத்தில உண்மையாய் எத்தினை கேம் முடிக்கிறனீங்கள்? விரல் விட்டு எண்ணுங்கோ.

6. ஜிபியும் கரண்ட்டும்

பெரிய கேம் ஒண்டு 100 ஜிபிக்கு மேல போகும். சந்தா எடுத்த ஆசையில நாலைஞ்சை இறக்கினால் மாச டேட்டா ஒரு கிழமையில முடியும், தங்கச்சியின்ர சூம் வகுப்பும் நிண்டுபோம். உங்கட பக்கேஜில இரவுக்குத் தனி டேட்டா இருந்தால் அப்ப இறக்குங்கோ. 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டதை மறந்திருக்க மாட்டியள். கரண்ட் நிண்டால் வீட்டு இன்ரநெற்றும் நிக்கும், அதனால ஸ்ரீமில ஓஃப்லைன் மோட்டை இன்ரநெற் இருக்கேக்கயே ஒருக்கா போட்டுப் பழகி வையுங்கோ.

7. கள்ள உறுதி வாங்காதேங்கோ

"பத்துக் கேம் உள்ள எக்கவுண்ட் 2,000 ரூபா" எண்டு முகப்புத்தகத்தில விப்பாங்கள். ஒரே பாஸ்வேர்ட்டைப் பத்துப் பேருக்கு வித்திருப்பாங்கள். ஒருத்தன் மாத்தினால் மற்ற ஒன்பது பேரும் வெளியில. காணியில கள்ள உறுதியால சனம் பட்ட பாட்டை ஊரில கேட்டிருப்பியள்தானே. பகிர வேணும் எண்டால் ஸ்ரீம் ஃபமிலி இருக்கு, ஒரே வீட்டில ஆறு பேர் வரை சேரலாம்.

8. இல்லாத காசுக்கு

எபிக் ஸ்ரோரில கிழமைக்கு ஒரு கேமாவது சும்மா குடுக்கிறாங்கள். ஸ்ரீமில வாங்கினது பிடிக்காட்டி, 14 நாளுக்குள்ள, இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேக்கலாம்.

என்ர முடிவு இதுதான். வருசக்கணக்காய் விளையாடப் போற கேமை டிஸ்க்கில வாங்குங்கோ. கதை முடிஞ்சால் திரும்பத் தொடாத கேமுகளுக்குச் சோதனை முடிஞ்ச லீவில ஒரு மாசம் சந்தா எடுங்கோ. எடுத்த அண்டைக்கே "தானாய்ப் புதுப்பி" எண்டதை நிப்பாட்டுங்கோ. கட்டின மாசம் முடியுமட்டும் விளையாடலாம், பயப்பிடாதேங்கோ. மற்றது, கார்ட் அக்காவின்ர எண்டால், அவவிட்ட சொல்லிப்போட்டு எடுங்கோ.