கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் வீட்டு வேலையும்: ஒரு ரயில்வேக்காரன் கற்ற பாடம்



டிசம்பர் இதழுக்குக் கைவேலை பற்றி ஒரு பாடம் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். நட்சத்திரம் செய்யும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் வீட்டு வேலை குவிந்து கிடக்கும் டிசம்பர் மாதத்தில் அதைச் செய்வதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பெரிய பாடம். அந்தப் பாடத்தை நான் தவறு செய்துதான் கற்றேன். ஆகவே தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சிவில் டிப்ளமா முடித்து 1981-இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே 38 ஆண்டுகள் கழித்து, 2019-இல் கரக்பூரில் ஓய்வு பெற்றேன். 'இனி நேரம் நம் கையில்' என்று நினைத்து அந்த டிசம்பரில் கடையில் நட்சத்திரம் வாங்க வேண்டாம், நானே செய்கிறேன் என்று இறங்கினேன். சாப்பாட்டு மேசை முழுவதும் மூங்கிலும் தாளும் பசையும். முடிந்தபாடில்லை, எடுத்து வைக்கவும் இல்லை. பத்து நாள் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பலகாரம் சுடும் வேலை, வீடு கழுவும் வேலை, வந்து போகிறவர்களுக்குக் காபி, இவற்றோடு நான் சிந்திய பசையைச் சுரண்டும் வேலையும் என் மனைவிக்குச் சேர்ந்தது. ஒரு நாள் இரவு அவள் சொன்னாள்: "உங்க ஸ்டாருக்கு மட்டும் இந்த வீட்டுல இடம் இருக்கு. எனக்கு மாவு வைக்கக்கூட இடம் இல்லீங்க."

நான் சிரித்துக்கொண்டேன். டிசம்பர் 24 அன்று நட்சத்திரம் எரிந்தது, தெருவே பாராட்டியது. அன்று இரவு பத்தரை மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். எழுப்பினேன். "கால் நிக்கலைங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். கல்யாணமாகி 34 ஆண்டுகளில் அவள் தவறவிட்ட முதல் நடு இரவுத் திருப்பலி அது. திருப்பலி முழுவதும் பக்கத்து இடம் காலியாக இருந்தது. திரும்பி வந்தபோது வாசலில் தொங்கிய நட்சத்திரத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிளாக் என்றால் என்ன?

மறுவாரம் யோசித்தபோதுதான், 38 ஆண்டு சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையின் முதல் விதியை வீட்டில் மறந்தேன் என்பது உறைத்தது.

ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் நினைத்த நேரத்தில் தண்டவாளத்தைக் கழற்ற முடியாது. முன்கூட்டியே கேட்டு, வண்டிகளுக்கு இடையில் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று நேரம் வாங்க வேண்டும். இதற்குத்தான் 'பிளாக்' என்று பெயர். அந்த நேரத்துக்குள் வேலையை முடித்து, வண்டி போகத் தகுந்த நிலையில் பாதையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நேரம் மீறினால் பின்னால் வரும் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஆகவே எங்கள் மேஸ்திரிகள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், "மூட முடிகிற அளவுக்குத்தான் திறக்க வேண்டும்" என்பது.

வீட்டிலும் இப்படித்தான். சமையல், குடிநீர் பிடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, பெரியவர்களின் மருந்து இவை எக்ஸ்பிரஸ் வண்டிகள், நிறுத்தக்கூடாது. துணி தேய்ப்பது, பரண் சுத்தம் செய்வது இவை கூட்ஸ் வண்டிகள். சற்று நேரம் லூப் லைனில் நிற்கலாம். கைவேலை என்பது இவற்றுக்கு நடுவே கிடைக்கும் பிளாக்கில் செய்ய வேண்டியது. நான் பிளாக் கேட்கவும் இல்லை, திறந்த பாதையை மூடவும் இல்லை.

நான்கு வாரக் கணக்கு

திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்காவது ஞாயிறன்று தொடங்குகிறது. அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். இந்த நான்கு ஞாயிறுகளையே வேலைக்கும் எல்லைக் கற்களாக வைத்துக்கொள்ளலாம். நாள் ஒன்றுக்கு ஒரே ஒரு பிளாக், பகல் இரண்டேகாலிலிருந்து மூன்றரை வரை. முதல் வாரம் மூங்கிலை வெட்டிச் சீவுவது. இரண்டாம் வாரம் கட்டுவது. மூன்றாம் வாரம் தாள் ஒட்டுவது. நான்காம் வாரம் தொங்கவிடுவதும் குடில் வைப்பதும் மட்டுமே. புதிதாக எதையும் தொடங்கக்கூடாது. அந்த வாரம் முறுக்குக்கும் கலகலாவுக்கும் அதிரசத்துக்கும் உரியது.

இரண்டாவது ஏற்பாடு, மேசையை விட்டுக்கொடுத்தது. டிப்ளமா படித்த காலத்து டிராயிங் போர்டு ஒன்று பரணில் கிடந்தது. வேலை முழுவதும் அதன்மேல்தான். மூன்றரை மணி அடித்ததும் போர்டை அப்படியே தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிடுவேன். பசை காய வேண்டியதும் அங்கேயே காயும். மேசை காலி, பாதை திரும்பக் கொடுத்தாயிற்று.

நட்சத்திரம் செய்யும் முறை

இனிக் கைவேலைக்கு வருவோம். ஒரே நீளமுள்ள 10 மூங்கில் பிளாச்சுகள் தேவை. 60 செ.மீ. நீளம் வாசலுக்குப் போதும். ஒரு விரல் அகலத்தில் பாதி இருக்கட்டும். சிம்பு குத்தாமல் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடுங்கள். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். ஐந்து பிளாச்சுகளை, பென்சிலை எடுக்காமல் நட்சத்திரம் வரைவது போல, முனையோடு முனை சேர்த்து அடுக்குங்கள். பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் சரியாக அந்தக் கோட்டில் வந்தால் ஐந்து முனைகளும் ஒரே அளவாக இருக்கும். கோடு விலகினால் நட்சத்திரம் நொண்டும். ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று பாய் முடைவது போல மாற்றி மாற்றி விட்டால் சட்டம் ஆடாது. முனைகளையும் வெட்டும் இடங்களையும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள்.

இதே போல இன்னொரு சட்டம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே வெட்டும் ஐந்து இடங்களிலும் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே 10 செ.மீ. குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்துக் கட்டினால் நட்சத்திரம் இரு பக்கமும் வயிறு புடைத்து நிற்கும்.

தாளுக்குப் பட்டம் செய்யும் மெல்லிய தாளே சிறந்தது. முன்னும் பின்னும் ஐந்து முக்கோணமும் ஓர் ஐங்கோணமும். பக்கவாட்டில் பத்து ஒல்லியான முக்கோணங்கள். எல்லாவற்றையும் சட்டத்தின்மேல் வைத்து அளந்து, ஒட்டுவதற்கு அரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள். மைதாப் பசை போதும். ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். இரவு முழுவதும் காயட்டும். பக்கவாட்டில் மேல்புறம் ஒரு முக்கோணத்தைத் திறந்தே விடுங்கள். விளக்கு நுழையவும் சூடு வெளியேறவும் அதுவே வழி.

விளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்பு நாம் போட்ட 'ஜீரோ வாட்' பல்பு பெயருக்குத்தான் ஜீரோ. சுமார் 15 வாட் எடுக்கும், சூடும் ஏறும். இரவு 12 மணி நேரம் என்று 30 நாள் எரித்தால் 5.4 யூனிட். ஒரு வாட் எல்.ஈ.டி. பல்பு அதே நேரத்துக்கு அரை யூனிட் கூட எடுக்காது, தாளையும் பொசுக்காது. மெழுகுவர்த்தியைத் தாள் நட்சத்திரத்துக்குள் வைக்கவே கூடாது.

நட்சத்திரம் செய்வது ஒரு காலத்தில் பள்ளிப் பாடமாகவே இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மொராவியன் நட்சத்திரம் என்னும் பல முனை நட்சத்திரம், 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொராவியன் சபைப் பள்ளியில் வடிவக் கணிதப் பயிற்சியாகத் தொடங்கியதுதான்.

நெட்டியும் ஷோலாவும்

2020-இல் இந்த ஏற்பாட்டோடு இன்னொன்றும் சேர்ந்தது. பிளாக் எனக்கு வேண்டுமென்றால், வண்டிகளை ஓட்டுவதிலும் எனக்குப் பங்கு வேண்டும் அல்லவா? காலையில் காய் நறுக்குவது, மதியப் பாத்திரம் கழுவுவது, இட்லிக்கு மாவு ஆட்டுவது, துணி காயப்போட்டு மடிப்பது ஆகிய நான்கையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். முதல் வாரம் என் மாவு புளிக்கவில்லை. அது வேறு கதை.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பகல் போர்டை இறக்கியபோது என் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். பூஜைக் காலத்தில் யாரோ கொடுத்த ஷோலாத் துண்டு ஒன்று அவள் கையில் இருந்தது. கத்தியால் மெல்லிய ஏடாகச் சீவி, இதழ் இதழாக வெட்டி, ஒரு லீலிப் பூவைக் கட்டி வைத்தாள். நான் வாயடைத்துப் போனேன். சிறு வயதில் பள்ளியில் கன்னியாஸ்திரிகளிடம் தாள் பூ கட்டக் கற்றாளாம். "எனக்குத் தெரியவே தெரியாதே" என்றேன். "இந்த வீட்டுல எனக்கு எப்பங்க ஒரு மணி நேரம் கிடைச்சுது?" என்றாள்.

அவளுக்குக் கைவேலையில் ஆர்வம் இல்லை என்றுதான் நான் அத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன். பிளாக்கே கொடுக்காமல் ஓட்டிய பாதை அது.

வங்காளத்தில் துர்க்கை சிலைகளின் வெண்ணிற அலங்காரங்களையும் மணமகன் தலையில் வைக்கும் டோப்பரையும் ஷோலாவில்தான் செய்கிறார்கள். வழிவழியாகச் செய்பவர்களுக்கு மாலாக்கர் என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகள் அணிந்த சோலா தொப்பியும் இதே பொருள்தான். சதுப்பு நிலத்தில் வளரும் இந்தச் செடியின் தக்கை நமக்கும் புதிதல்ல. நம் ஊரில் இதற்கு நெட்டி என்று பெயர். தஞ்சாவூர் நெட்டி வேலை இதில் செய்வதே. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் கட்டுவதும் நெட்டி மாலைதான். இங்கே பிறந்த நம் பேரப்பிள்ளைகள் ஷோலாவை அறிவார்கள். நெட்டி என்ற சொல்லை அறியமாட்டார்கள். கையில் துண்டைக் கொடுத்துச் சொன்னால் மறக்கவும் மாட்டார்கள்.

நெட்டி எளிதில் தீப்பிடிக்கும். குடிலிலோ மரத்திலோ வைத்தால் மெழுகுவர்த்தியிலிருந்து நன்றாகத் தள்ளியே வையுங்கள்.

பிள்ளைகளுக்கான வேலை

குடிலுக்குப் புல்தரை பிள்ளைகளின் பொறுப்பு. அகலமான தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி, தினமும் நீர் தெளிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பத்து நாளில் பச்சை பிடிக்கும். வடக்கே குளிர் என்பதால் டிசம்பர் 10 அல்லது 12-லேயே தூவிவிட வேண்டும். குடில் ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. 1223-இல் அசிசி நகரத் தூய பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோவில் அமைத்த குடிலில் இருந்தவை தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான்.

முடிவாக

இது கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் சொன்னதல்ல. கொலுப்படி கட்டுவதற்கும், தீபாவளிப் பலகாரத்துக்கும், பொங்கல் கோலத்துக்கும் இதே கணக்குத்தான். பண்டிகைக்கு அழகு சேர்க்க விரும்பும் ஆண்கள் முதலில் அடுக்களையில் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு பிளாக் கேளுங்கள். கிடைத்த நேரத்தில் மூட முடிகிற அளவே திறங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இதுவரை பிளாக்கே கிடைக்காதவர் யார் என்று ஒரு முறை பாருங்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வாசல் நட்சத்திரம் என்னுடையது. அதன் கீழே தொங்கும் நெட்டிப் பூச்சரம் அவளுடையது. பார்ப்பவர்கள் பூவைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள். டிசம்பர் 24 இரவு பத்தரை மணிக்கு இருவரும் சேர்ந்தே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நல்வாழ்த்துகள்.