பனிக்கால வாகனப் பாதுகாப்பு: பூட்டும் டிஃபரென்ஷலைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு சில்லு இயக்கமுள்ள வாகனத்தை வாங்கியதும் பனியைப் பற்றிய கவலை தீர்ந்ததென ஒன்ராறியோவில் வாழும் நம்மவர் பலர் கருதுவதுண்டு. வாகனம் புறப்பட உதவுவது வேறு. நிற்கவும் திரும்பவும் உதவுவது வேறு. பணம் செலவிடுமுன் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

டிஃபரென்ஷலின் பணி

வளைவில் வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓடுகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடமளிப்பது டிஃபரென்ஷல். சாதாரண வகை இரு சில்லுகளுக்கும் சம அளவு முறுக்குவிசையையே வழங்கும். ஆகவே ஒரு சில்லு பனிக்கட்டியின்மேல் வீணே சுழன்றால், பிடிப்புள்ள மற்றச் சில்லுக்கும் அதே சொற்ப விசையே கிட்டும், வாகனம் நகராது. இங்கு 'பூட்டு' என்பது கதவுப் பூட்டன்று. இரு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டுவதுபோல், இரு சில்லுகளையும் ஒரே வேகத்திற் சுழலுமாறு பிணைப்பதாகும்.

வகைகள்

1. விசையை அழுத்திப் பூட்டும் வகை: காற்றழுத்தத்தால் அல்லது மின்சாரத்தால் இயங்கும். புதைந்த இடத்திலிருந்து மெதுவாக மீளப் பயன்படுத்தி, மீண்டதும் விடுவித்துவிட வேண்டும்.

2. தானாகப் பூட்டும் வகை: வழுக்கும் வீதியில் ஓர் அச்சின் இரு சில்லுகளும் ஒருங்கே பிடிப்பை இழக்கக்கூடும். வீதியின் ஓரம் சரிந்திருப்பதால் வாகனம் பள்ளத்தை நோக்கிப் பக்கவாட்டில் நழுவும். அன்றாடப் பனிப்பாதைக்கு இது உகந்ததன்று.

3. வழுக்கலை மட்டுப்படுத்தும் பற்சக்கர வகை: சாரதியின் தலையீடின்றி மென்மையாக இயங்கும், எனினும் ஒரு சில்லு அந்தரத்தில் நின்றால் பெரிதும் உதவாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் நான்கு சில்லுகளுக்கும் குளிர்கால டயர்களைப் பொருத்துங்கள். முச்சிகர மலையும் பனித்துகளும் பொறித்த சின்னம் அவற்றில் இருத்தல் வேண்டும். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கும்போது சாதாரண டயர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். 2016 ஜனவரி 1 முதல், குளிர்கால டயருக்குக் கட்டணக் கழிவு வழங்குவது ஒன்ராறியோவின் வாகனக் காப்புறுதி நிறுவனங்களின் கடமையாகும்; அதனைக் கேட்டுப் பெறுங்கள்.

பனி அகற்றப்படும் நகர வீதிகளில் மட்டும் ஓட்டுவோர்க்குப் பூட்டும் டிஃபரென்ஷல் தேவையில்லை. அகற்றப்படாத செங்குத்தான தனிப்பாதைகளில் அடிக்கடி செல்வோர், பின் அச்சில் முதலாவது வகையைப் பொருத்தலாம். முன் அச்சைப் பூட்டினால் வாகனத்தைத் திருப்புவது கடினமாகும்.

சட்டப்படி கவனிக்க வேண்டியது

வாகனத்தில் மாற்றம் செய்தால் காப்புறுதி நிறுவனத்திற்கு எழுத்துமூலம் உடனே அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம், விபத்தின் பின் இழப்பீட்டுக் கோரிக்கையைச் சிக்கலாக்கக்கூடும்.

பயிற்சி வினா

பனிக்கட்டி படர்ந்த நெடுஞ்சாலையில் முன்னால் செல்லும் வாகனம் திடீரென நிற்கிறது. பூட்டிய டிஃபரென்ஷல் உங்களை விரைவில் நிறுத்துமா?

விடை: நிறுத்தாது. டயரின் பிடிப்பும், நிதானமான வேகமும், முன்கூட்டியே விட்ட இடைவெளியுமே உங்களைக் காக்கும்.