ஒரு கவளம் போகும் வழி

அன்பு மருமகளுக்கு,

எலும்புத்தசை, மென்தசை, இதயத்தசை மூன்றையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் அதில் 'நம் விருப்பப்படி இயங்குவது', 'தானே இயங்குவது' என்று பிரித்திருக்கிறாயே, அதை அப்படியே நம்பிவிடாதே.

மதியம் சாப்பிடும்போது ஒரு கவளத்தைக் கவனி. மெல்லும் தாடையும் புரட்டும் நாக்கும் நீ சொன்னபடி கேட்கும். இரண்டிலும் இருப்பது உன் அட்டவணையின் எலும்புத்தசை, அதாவது வரித்தசை: நீண்ட இழைகள், இழைக்குப் பல உட்கருக்கள், நுண்ணோக்கியில் குறுக்கு வரிகள். விழுங்கத் தொடங்குவது உன் விருப்பம். தொண்டையைத் தாண்டிவிட்டால் அந்தக் கவளத்தை உன்னால் நிறுத்த முடியாது. இத்தனைக்கும் உணவுக்குழாயின் மேற்பகுதியில் இருப்பதும் அதே வரித்தசைதான்! நடுப்பகுதியில் இரண்டு வகையும் கலந்திருக்கும். கீழே மென்தசை மட்டும். உதரவிதானத்தையும் பார். அதுவும் வரித்தசை. நீ தூங்கும்போது தானே மூச்சை இழுக்கிறது. நீ அடக்கினால் சற்று நேரம் அடங்குகிறது. அதனால்தான், தசையை முதலில் அதன் அமைப்பைக் கொண்டு அடையாளம் காணச் சொல்கிறேன்.

மென்தசை செல் இரு முனையும் கூர்ந்து, ஒரே உட்கருவோடு, வரியில்லாமல் இருக்கும். மெதுவாகச் சுருங்கும், குறைந்த ஆற்றலில் நெடுநேரம் சுருங்கியபடியே நிற்கும். ரத்தக்குழாய்ச் சுவருக்கு அதுதான் வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது இதயத்தசை. வரி உண்டு, ஆனால் உன் பேச்சைக் கேட்காது. கிளைவிட்ட செல்கள் இடைத்தட்டுகளால் இணைந்திருப்பதால் மின்தூண்டல் செல்லுக்குச் செல் பரவி, அறை முழுவதும் சேர்ந்து சுருங்குகிறது. அந்தத் தூண்டல் பிறப்பது இதயத்துக்குள்ளேயே, சைனோ ஏட்ரியல் கணுவில். ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் 1907-இல் அதை விவரித்தார்கள். நரம்புகள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகள் அறுபடுகின்றன; இருந்தும் அது துடிக்கிறது.

இன்னொன்று. நிமிடத்துக்கு 72 என்றால், நாளுக்கு 1 லட்சத்துக்கு மேல் துடிப்பு. ஆனாலும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதுபோல் இதயம் பிடித்துக்கொள்வதில்லை. ஒருமுறை சுருங்கியபின், பெரும்பாலும் தளரும்வரை அடுத்த தூண்டலை அது ஏற்காது. அப்படித் தளரும்போதுதான் அறைகளில் ரத்தம் நிரம்புகிறது. ஆனால் இந்தத் தசைக்கும் சேதம் வரலாம்: மாரடைப்பில் இறந்த செல்களின் இடத்தில் சுருங்கத் தெரியாத தழும்புத் திசு வந்துவிடும். ஆகவே வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் வாயு என்று காத்திருக்க விடாதே.

பள்ளி ஆய்வகத்தில் இதயத்தசை ஸ்லைடு இருந்தால் கேட்டுப் பார். முதலில் கிளைகளைத் தேடு. பிறகு இழைக்குக் குறுக்கே, மற்ற வரிகளைவிட அழுத்தமாக ஒரு கோடு தெரியும். அதுதான் இடைத்தட்டு. படம் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அத்தை