சிறிய கல்லூரியில் பயின்றோர்க்கும் முதலீட்டு வங்கியில் இடமுண்டா?

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் பல இல்லங்களில் ஒரே கவலை எழுகின்றது. பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையெனில் பிள்ளையின் எதிர்காலம் என்னாகும் என்பதே அக்கவலை. இதனால் சக்திக்கு மீறிக் கடன்படுவோரும் உளர். இது நமக்கு எட்டாது என்று பிள்ளையின் விருப்பத்தைத் தடுத்துவிடுவோரும் உளர். கல்லூரியின் பெயரை மிகுதியாகப் பார்க்கும் தொழில்களுள் ஒன்றாகிய முதலீட்டு வங்கித் தொழிலைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

தொழிலின் இயல்பு

நாம் பணம் போட்டு எடுக்கும் வங்கி வேறு. முதலீட்டு வங்கி வேறு. ஒரு நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிடும்போது அதன் மதிப்பை ஆய்ந்து விலை கூறுவதும், தகவலறிக்கை தயாரிப்பதும், முதலீட்டாளரைத் திரட்டுவதும் இதன் பணிகள். ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கும்போது ஆலோசனை கூறுவதும் இதன் பணியே. இந்தியாவில் பங்கு வெளியீட்டை நடத்துவோர் 'மெர்ச்சண்ட் பேங்கர்' என்று செபியிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஊதியம் பெரிது, உழைக்கும் நேரமும் பெரிது. நள்ளிரவு கடந்தும் வேலை செய்ய நேரிடும் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

தடை உண்மையானதே

அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியை லாரன் ரிவேரா, 2015 இல் வெளியிட்ட 'பெடிகிரி' என்னும் நூலில் இத்தகைய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறையை ஆராய்ந்துள்ளார். நிறுவனங்கள் முன்னரே சில கல்லூரிகளைப் பட்டியலிட்டு வைக்கின்றன. பட்டியலுக்கு வெளியிலிருந்து வரும் விண்ணப்பங்கள், உள்ளிருப்போர் பரிந்துரை இல்லையெனில், பெரும்பாலும் படிக்கப்படுவதே இல்லை என்கிறார் அவர். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைச் சலிக்க நிறுவனங்கள் கையாளும் எளிய சல்லடை அது. அதில் தங்காதவர் அறிவிலி ஆகிவிடார். ஆயினும் தடை இருப்பதைப் பிள்ளைகளிடம் மறைத்தல் கூடாது.

ஒரு வரலாறு

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1891 இல் பிறந்தவர் சிட்னி வெயின்பெர்க். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1907 இல் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அவருடைய சுறுசுறுப்பைக் கண்ட பங்குதாரர் பால் சாக்ஸ், அவரை அஞ்சல் அறைக்கு மாற்றினார்; கையெழுத்துத் திருந்துவதற்காக வணிகப் பயிற்சிப் பள்ளிக்கும் அனுப்பினார். வெயின்பெர்க் 1927 இல் பங்குதாரரானார். 1930 முதல் 1969 இல் மறையும் வரை அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கினார். 1956 இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் ஒரு கோடிக்கு மேற்பட்ட பங்குகள், ஒன்று 64.50 டாலர் விலையில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, ஃபோர்டு குடும்பத்தாருக்கு ஆலோசகராக நின்றவர் அவரே.

இன்று எட்டாம் வகுப்புப் படிப்போடு ஒருவரும் அங்கே நுழைய இயலாது. ஆனால் அவர் வாழ்க்கையில் மூன்று படிகள் தெளிவாகத் தெரிகின்றன: கிடைத்த வாயிலில் நுழைந்தார், கண்ணெதிரே வேலையைச் செய்து காட்டினார், குறைந்த கல்வியைப் பிறகு நிரப்பிக்கொண்டார்.

இன்றைய வழிகள்

முதலாவது, கல்லூரியின் பெயரைச் சாராத தகுதி. பட்டயக் கணக்காளர் தேர்வு எல்லோர்க்கும் ஒரே வினாத்தாள். 55 விழுக்காடு மதிப்பெண் பெற்ற வணிகவியல் பட்டதாரி எக்கல்லூரியினராயினும் இடைநிலைக்கு நேரே பதிவு செய்யலாம். மூன்று கட்டங்கள் கொண்ட சி.எஃப்.ஏ. தேர்வும் அவ்வாறே. இத்தேர்வுகள் கடினமானவை, ஆண்டுகளும் பிடிக்கும்.

இரண்டாவது, அருகிலுள்ள வாயில். தணிக்கை நிறுவனம், கடன் தரமதிப்பீட்டு நிறுவனம், சிறிய மெர்ச்சண்ட் பேங்கர் அலுவலகம் ஆகியவற்றில் சில ஆண்டுகள் பணியாற்றிப் பின்னர் பெரிய இடத்துக்குச் செல்வோர் உண்டு. ஆனால் பெரிய வங்கியின் கட்டடத்திற்குள் நடக்கும் எல்லா வேலையும் முதலீட்டு வங்கிப் பணியன்று. சேருமுன் எப்பிரிவு என்று கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, அறிமுகம். அத்துறையில் இருப்போருக்கு அடக்கமாக எழுதி, வேலை கேட்பதற்கு முன் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். பலர் விடையளிக்கமாட்டார், ஒருவர் அளித்தாலும் பயனுண்டு. நிறுவனங்களும் சிறிது மாறி வருகின்றன. கோல்ட்மன் சாக்ஸ் 2016 இல், இளநிலை மாணவர்க்கான முதற்கட்ட நேர்காணலைக் கல்லூரி வளாகங்களில் நடத்துவதை விடுத்துக் காணொலி வழியாக நடத்த முடிவு செய்தது. பட்டியலில் இல்லாத கல்லூரி மாணவரையும் எட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

மாணவர்க்குப் பயிற்சி

1. ஒரே தொழிலிலுள்ள இரு நிறுவனங்களின் மூன்றாண்டு ஆண்டறிக்கைகளைப் படிக்க. இவை கட்டணமின்றிக் கிடைக்கும்.

2. இலாபம் உயர்ந்தும் ரொக்கம் உயராத ஆண்டு உண்டா? கடனுக்கு விற்ற சரக்கின் பணம் வந்து சேராமையால் இவ்வாறு நேரலாம். வேறு காரணங்களையும் கண்டறிக.

3. இரண்டில் எதன் பங்கை, என்ன விலைக்கு வாங்கலாம் என்று இரண்டு பக்கங்களில் காரணத்துடன் எழுதுக.

இப்பயிற்சியை விரும்பிச் செய்யும் பிள்ளைக்கு இத்துறையில் நாட்டம் இருக்கின்றது என்று கொள்ளலாம். அவ்விரண்டு பக்கங்களை நேர்காணலுக்கும் எடுத்துச் செல்லலாம். இப்பயிற்சி கசக்குமாயின், பெரிய கல்லூரிக்காகக் கடன் வாங்குமுன் பெற்றோர் பிள்ளையோடு அமர்ந்து மீண்டும் ஒருமுறை பேசுதல் நன்று.